நர்மதாவின் புதுக் காது

நர்மதா பதினெட்டு வயதில் பள்ளிபாளையத்து விசைத்தறிப் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவள். நான்கு தறிகளை ஒருத்தியாகவே ஓட்டுவாள். இழை அறுந்தால் மற்றவர்கள் கண்ணால் பார்த்துத் தறியை நிறுத்துவார்கள். இவள் சத்தம் மாறுவதை வைத்தே போய் நிற்பாள். அந்தச் சத்தமே அவள் காதைத் தின்றது. பாதி அதனால் என்றால், மீதி ஒரு காய்ச்சலுக்குப் பிறகு வைத்த சீழால். முப்பத்தெட்டு வயதில் இரண்டு காதும் அடைத்துப்போயின. காதுக்குள் செருகும் மிஷின் எதுவும் எடுபடவில்லை.

ஐந்து வருடம் அப்படியே போயிற்று. பிறகு கோயம்புத்தூரில் வேலைக்குப் போன மகள் மோனிஷா, கம்பெனி இன்சூரன்ஸில் அம்மாவுக்கும் வழி இருக்கிறது என்று கண்டுபிடித்து ஆபரேஷனுக்கு அழைத்துப் போனாள். இடது காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில் ஒரு சின்னக் கருவியைப் பதித்து, அதிலிருந்து மெல்லிய கம்பியைக் காதின் உள்ளே சுருட்டி வைத்தார்கள். வெளியே காதில் மாட்டும் மிஷினோடு ஒரு வட்ட வில்லை. அது காந்தத்தால் தலையில் போய் ஒட்டிக்கொள்ளும்.

மூன்று வாரம் கழித்து மிஷினை முடுக்கிய நாளில் கணவர் குமரகுருவும் கூட வந்திருந்தார். துணி பேல் ஏற்றும் டெம்போ ஓட்டுபவர். ஒருநாள் வாடகையை விட்டுவிட்டு, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"நர்மதா, கேக்குதா?" என்றார்.

கேட்டது. ஆனால் தகர டப்பாவுக்குள் யாரோ கூழாங்கல்லைப் போட்டு உலுக்குவதுபோல் இருந்தது. அவருடைய குரல் அடித்தொண்டையில் இருந்து வரும், கனமான குரல். அது எங்கே போனது என்று தெரியவில்லை. அழுகை வந்தது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் திருத்தவில்லை.

"மூளை பழகணுங்க அம்மா. தினமும் யாராவது வாசிச்சுக் காட்டணும்" என்றாள் மிஷினை முடுக்கிவிட்ட பெண்.

அன்றிலிருந்து சாயங்காலம் ஏழு மணிக்கு குமரகுரு பேப்பர் வாசிப்பார். மிஷினோடு வந்த குட்டி மைக்கைச் சட்டையில் மாட்டிக்கொண்டு முட்டை விலையில் ஆரம்பித்து மரண அறிவிப்பு வரைக்கும் படிப்பார். நாலாவது மாதத்தில் ஒருநாள் நர்மதா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். "புள்ள, சாவி எங்க வெச்ச?" என்றார் உள்ளேயிருந்து. "ஆணியில தொங்குதுங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு நிமிஷம் கழித்துத்தான் கை நின்றது. அது அவருடைய குரல். கனமும் அடித்தொண்டையும் அப்படியே இருந்தன. பழைய குரல்தான் திரும்பி வந்ததா, இல்லை இதுதான் அவர் குரல் என்று தன் தலை ஒத்துக்கொண்டதா? அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

பட்டறைக்கும் திரும்பிப் போனாள். அங்கே அவள் நிலைமை மற்றவர்களைவிட மேலாகிவிட்டது. வெளிச் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொள்ளலாம். மோனிஷா போன் செய்தால் தறிகள் ஓட ஓட நேராகத் தலைக்குள்ளேயே கேட்கும். பதில் சொல்வதற்குத்தான் வெளியே போக வேண்டும்.

பக்கத்துத் தறி சாரதாமணி சாப்பாட்டு நேரத்தில் அவள் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வில்லையைக் கழற்றச் சொல்லி, அந்த இடத்தில் தன் கொண்டை ஊசியை வைத்துப் பார்த்தாள். ஊசி ஒட்டிக்கொண்டது. பட்டறையே சிரித்தது.

"அக்கா, கோவிச்சுக்காத. உனக்குக் கேக்குதா, அந்தப் பெட்டிக்குக் கேக்குதா?"

"எனக்குத்தான் கேக்குது. பெட்டிக்கு உன் மேல கோவம் வருமா?" என்றாள் நர்மதா. வாய் அப்படிச் சொன்னாலும், மத்தியானம் முழுக்க, தறியில் குறுக்கே ஓடும் நாடாவில் நூல் மாற்றும்போது அந்தக் கேள்வி கூடவே வந்தது. தான் மாறித்தான் போயிருக்கிறோமோ என்று இருந்தது. எப்படி என்று பிடிபடவில்லை.

அது பிடிபட்டது ஒரு வியாழக்கிழமை. பேப்பர் வாசித்து முடித்த குமரகுரு, மைக்கைக் கழற்ற மறந்து வாசலுக்குப் போனார். எதிர்வீட்டு அன்பரசு வந்திருந்தார். நர்மதா அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். வாசலில் பேசுவது அவள் தலைக்குள் கேட்டது. மிஷினில் அதை நிறுத்திவிடலாம். நிறுத்தவில்லை.

"நர்மதாவுக்கு இப்ப நல்லாக் கேக்குதுங்களா?" என்றார் அன்பரசு.

"நல்லாக் கேக்குது. ஆனா ஒண்ணுங்க. காது கேக்காதப்ப நான் வாயைத் தொறந்தா என் மூஞ்சியவே பாத்துட்டு நிப்பா. ஒதட்டைப் பாத்துத்தானே புரிஞ்சுக்கணும்? அஞ்சு வருசம் அப்படிப் பாத்தா. இப்ப முதுகைக் காட்டிட்டே பதில் சொல்லிப்போடறா. குத்தமில்லீங்க. எனக்குத்தான் என்னமோ மாதிரி இருக்குது."

தோசை கருகியது. அடுப்பை அணைத்தாள்.

குமரகுரு உள்ளே வந்ததும் நேராகப் போய் அவர் சட்டையிலிருந்த மைக்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். அவருக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

"அத்தனையும் கேட்டுட்டயா?"

"கேட்டனுங்க. நிறுத்தியிருக்கணும், நிறுத்தலை. தப்புத்தான்."

"நானும் அதை உங்கிட்டச் சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா முதுகைக் காட்டிட்டே கேட்டிருப்பனோ என்னமோ."

அவர் சிரித்துவிட்டார். கருகிய தோசையையும் சேர்த்துத் தின்றார்கள்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டபின், நர்மதா மிஷினைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்துகொள்கிறாள். ஒரு மணி நேரம் வாயைப் பார்த்தே பேச்சு. பழக்கம் விட்டுப்போனதால் தப்பும் வருகிறது. போன வாரம் அவர் ஏதோ கேட்க, இவள் முகத்தைச் சுளித்து, "மடத்துக்கா? எந்த மடத்துக்குங்க?" என்றாள்.

அவர் தலையில் அடித்துக்கொண்டு, பேப்பரை எடுத்து விரித்து, சினிமா விளம்பரத்தில் விரலை வைத்தார்.

"அட, படமா" என்றாள். 'ப'வும் 'ம'வும் உதட்டில் ஒன்றுதானே.

மிஷினை எடுத்து மாட்டிக்கொண்டு, புடவை மாற்றி, பாலத்தைத் தாண்டி ஈரோட்டில் மூணு மணிக் காட்சிக்குப் போனார்கள்.