பரங்கிப் பிஞ்சை உதிர்த்தது யார்?

எங்கள் வீட்டுப் பரங்கிப் பிஞ்சுகளை உதிர்த்தவர் என் மாமா. என் விரல் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர் பல வருஷமாக இதை மாற்றிச் சொல்லிக்கொண்டு வருகிறார். கல்யாணமோ காதுகுத்தோ, நாலு பேர் பந்தியில் உட்கார்ந்துவிட்டால் போதும், "இவ விரலை நீட்டினா பிஞ்சு வெம்பி விழுந்துடும், தெரியுமில்ல?" என்று ஆரம்பித்துவிடுவார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துத் தொலைத்திருக்கிறேன். போன மாதம் என் மகளுக்கு வளைகாப்பு. என் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு, நான் வளையலைக் கையில் எடுத்த நேரம் பார்த்து அதையே சொன்னார். இனிச் சிரிப்பதாக இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அரியலூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்களுக்கு வாடகை வீடு. அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. அம்மாவின் தம்பியான மாமா கடலை மண்டியில் கணக்குப் பிள்ளையாக இருந்தார், எங்கள் வீட்டிலேயே சாப்பாடு, எங்கள் வீட்டிலேயே படுக்கை. அவர் மனைவி, என் அத்தை, செந்துறையில் தன் தாய்வீட்டில் இருந்தாள். "உடம்பு சரியில்லை, அதான் போயிருக்கா" என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். நானும் நம்பினேன். எனக்குத் தலை பின்னிவிட ஆளில்லாமல் போயிற்று என்பதுதான் அப்போது என் வருத்தம். அம்மா பின்னினால் வலிக்கும்.

வீட்டுக்குப் பின்னால் கொல்லை என்று சொல்ல ஓர் இடம் உண்டு. கிணறு, துவைக்கிற கல், அதற்கப்பால் சுண்ணாம்பு வெளுப்பாக ஒரு துண்டு மண். கிணற்றுத் தண்ணீரும் அப்படித்தான். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. ஆனால் யுத்தத்தில் அரிசி கிடைப்பதே பெரும்பாடு. கடையில் காய் விலை கேட்டால் கோபம்தான் வரும். அதனால் அந்தச் சந்தில் எல்லோருமே குளிக்கிற தண்ணீரை, பாத்திரம் கழுவுகிற தண்ணீரைச் சின்ன வாய்க்காலாக வெட்டிக் கொல்லைக்குத் திருப்பியிருந்தார்கள். நாங்கள் செடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் பல் விளக்குவோம். கொப்பளித்த தண்ணீர்கூட வீணாகக் கூடாது.

தை மாதம் அம்மா என்னைக் கூப்பிட்டுப் பரங்கி விதையைக் கையில் கொடுத்தாள். "இவ கை ராசியான கை. இவளே ஊனட்டும்" என்றாள். அதற்கு முன் வருஷம் நான் ஊன்றிய அவரை பந்தல் கொள்ளாமல் காய்த்ததுதான் காரணம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் தன் வெண்டை விதையையும் என்னை விட்டுத்தான் போடச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு வராத பெண்ணுக்கு இந்த ஒரு பெயராவது இருந்தது.

கொடி மாசியில் ஓடத் தொடங்கியது. பங்குனி பிறந்ததும் வேப்பமரம் பூத்தது. சந்தெல்லாம் அந்த வாசனை. பரங்கியும் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துத் தள்ளியது. ஒரு காலையில் இலைக்கடியில் குட்டிப் பிஞ்சு ஒன்றைக் கண்டேன். நெல்லிக்காய் அளவு. தலையில் இன்னும் விரியாத பூ. "அம்மா, இங்க பாரு, அங்கயும் பாரு!" என்று கத்திக்கொண்டே ஆள்காட்டி விரலை நீட்டிவிட்டேன்.

பிஞ்சை விரல் நீட்டிக் காட்டக் கூடாது. விரலை மடக்கி, முட்டியால்தான் காட்ட வேண்டும். நீட்டினால் அழுகிவிடும் என்பார்கள். அதெல்லாம் எனக்கும் தெரியும். சந்தோஷத்தில் மறந்துபோயிற்று.

அதை மாமா பார்த்துவிட்டார். அப்போது ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சில நாளில் அந்தப் பிஞ்சு மஞ்சளாகி, சுருங்கி, காம்போடு கழன்று விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. பிறகு வந்ததெல்லாமும்.

"யாரு இதுக்குக் கண்ணு வச்சது?" என்றாள் அம்மா.

"கண்ணு இல்லக்கா, விரலு. ஒன் மவ கொல்லையில நின்னுகிட்டு ஒண்ணொண்ணா நீட்டி நீட்டிக் காட்டினா. நான் என் கண்ணால பாத்தேன்."

"ஏண்டி, நீட்டினியா?"

நான் அழுதேன். அது போதுமாயிருந்தது. மாமா ஒரு கிழிந்த வேட்டித் துணியை எடுத்து என் ஆள்காட்டி விரலில் சுற்றி, இறுக்க முடிச்சுப் போட்டார். "காய் பிடிக்கிற வரைக்கும் இது இருக்கட்டும். கொல்லைப் பக்கம் கால வச்சே, காலையும் கட்டிடுவேன்" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் முடிச்சு வேடிக்கை முடிச்சு இல்லை. அதோடுதான் சாப்பிட்டேன், அதோடுதான் பள்ளிக்கூடம் போனேன். "என்னடி, தேள் கொட்டிடுச்சா?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். மறுநாளே பக்கத்து வீட்டு அம்மாள் தன் வெண்டைப் பாத்திப் பக்கம் நான் வராதபடி படலைச் சாத்திக்கொண்டாள். ராசியான கை அதோடு போயிற்று.

இப்போது மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தச் சமயம் அதிகமாகப் பயிர் செய்யுங்கள் என்று சர்க்கார் ஆட்கள் ஊருக்கு ஊர் வந்து பேசுவார்கள். கொடி பூக்கத் தொடங்கிய நாளில் அப்படி ஒரு பேச்சைக் கடைவீதியில் மாமா பாதி கேட்டார். மீதிப் பாதியில் காப்பி குடிக்கப் போய்விட்டார். வேண்டாத தளிரைக் கிள்ளினால் சத்தெல்லாம் காய்க்குப் போகும் என்பது அவர் கேட்ட பாதி. வீட்டுக்கு வந்து பரங்கிக் கொடியைப் பார்த்தார். நீளக் காம்பில் நிறையப் பூ, அவற்றின் அடியில் பிஞ்சே இல்லை. சில பூவுக்கு மட்டும் அடியில் பிஞ்சு இருந்தது. பிஞ்சில்லாத பூ தண்டப் பூ, தண்ணீரைக் குடிக்க வந்தது என்று அவரே முடிவு செய்துகொண்டார். விடிந்ததும் விடியாததுமாகப் போய் அத்தனையையும் கிள்ளி, ஒரு தட்டில் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதை மாவில் தோய்த்துப் போட்டாள். அந்தப் பஞ்சத்தில் அது எங்களுக்கு விருந்து. எல்லாப் பூவையுமா பறித்தாய் என்று அம்மாவும் கேட்கவில்லை. வேண்டியதை விட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். என் அம்மா என்பதற்காக அதை மறைக்க மாட்டேன்.

கொல்லைக்குப் போகக் கூடாது என்றால் நான் எங்கே போவேன்? அடுப்படி ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு கொடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாள்தோறும் மாமா குனிந்து குனிந்து கிள்ளுவதைப் பார்த்தேன். ஒரு காலையில் அம்மாவிடம் சொன்னேன்:

"அம்மா, நான்தான் போறதே இல்லையே, அப்புறமும் ஏன் பிஞ்சு விழுது?"

அம்மா மாவைக் கரைத்துக்கொண்டிருந்தாள்.

"மாமாதான் தெனமும் போறாங்க. நீளக் காம்புப் பூவுல ஒண்ணுகூட விடமாட்டாங்க. கொடியில தேடித் தேடிக் கிள்றாங்க."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்ல."

அம்மா கையைக் கழுவாமலேயே கொல்லைக்கு ஓடினாள். திரும்பி வந்தவள் அன்று பூவைப் பொரிக்கவில்லை. மாமா சாப்பிட உட்காரும் வரை காத்திருந்தாள். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டா, மாப்பிள்ளைய எல்லாம் கழுத்தத் திருகி எண்ணெய்ச் சட்டியில போட்டாச்சு. பொண்ணு வெறும் வயித்தோட உதுந்து விழுது. யாரைக் குத்தம் சொல்லுவே?"

"என்னக்கா சொல்றே?"

"நீ கிள்ளினது ஆம்பளப் பூடா, அறிவு கெட்டவனே. அது இல்லாம எப்படிடா காய் பிடிக்கும்? நீ பண்ணினதுக்கு இந்தப் புள்ளை விரலைக் கட்டினே."

எனக்கு உயிர் வந்தது. "மாமாதான் தப்பு! மாமாதான் தப்பு!" என்று கைதட்டிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தப் புள்ளையையும் இப்படித்தானே செந்துறைக்கு வண்டியேத்தி அனுப்பினே."

அப்பாவின் பேப்பர் அசையாமல் நின்றது. மாமா சோற்றிலிருந்து கையை எடுத்தார். பிறகு எழுந்து கை கழுவிக்கொண்டு, சட்டையைக்கூட மாட்டாமல் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். பரங்கிப் பூவுக்காக ஒரு மனுஷர் சோற்றைப் பாதியில் விட்டுப் போவாரா என்று எனக்கு ஆச்சரியம்.

மறுநாள் விடியலில் அம்மா என் விரல் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். விரல் வெளுத்துச் சூம்பியிருந்தது. கொல்லைக்கு இழுத்துப்போய், ஓர் ஆண் பூவைப் பறித்து இதழை உரித்து என் கையில் கொடுத்தாள். "பிஞ்சு வச்ச பூவுக்குள்ள மெல்லமாத் தடவு. அந்த விரலாலயே பண்ணு" என்றாள். தடவினேன். கையெல்லாம் மஞ்சள் பொடி. மாமா கிணற்றடியில் பல் விளக்குகிற பாவனையில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் வரவில்லை.

இரண்டு பிஞ்சு நின்றது. விழவில்லை. பச்சையாகப் பருத்து, கோடு விழுந்து, நாளுக்கு நாள் கனத்தது. நான் முட்டியால்கூடக் காட்டவில்லை. கண்ணால் மட்டும் பார்த்தேன்.

சித்திரையில் அம்மா அதில் ஒன்றை முற்றவிடாமல் அறுத்து, துணியில் சுற்றி, என்னையும் கூட்டிக்கொண்டு செந்துறைக்குப் பஸ் ஏறினாள். பெட்ரோல் இல்லாததால் பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பு வைத்து ஓட்டிய காலம். மேட்டில் அது நின்றுவிடும், ஆண்கள் இறங்கித் தள்ளுவார்கள். புகையும் வெயிலுமாக, மடியில் பிள்ளையை வைத்திருப்பதுபோல் அம்மா அந்தக் காயை வைத்திருந்தாள்.

அத்தை வாசலில் வந்து நின்றாள். மெலிந்திருந்தாள்.

"வாங்க அண்ணி. அவங்க... வரச் சொன்னாங்களா?"

"அவன் என்ன சொல்றது? அவன் இருக்கறது என் வூட்டுல. நான் கூப்பிடறேன், கெளம்பு."

"ஆண்டிமடத்துல பொண்ணு பாத்திருக்கறதா சொன்னாங்களே அண்ணி."

"பாத்தவங்க பாத்துகிட்டே இருக்கட்டும்."

எனக்கு அது ஒன்றும் விளங்கவில்லை. யாருக்குப் பெண், எதற்குப் பெண்? மாமாவுக்குத்தான் அத்தை இருக்கிறாளே. ஆனால் ஒரு விஷயம் எனக்குத் தெளிவாகப் புரிந்துவிட்டதாக நினைத்தேன். அம்மா அன்று என்ன சொன்னாள்? என்னைக் கட்டினதுபோலவே அத்தையை அனுப்பினான் என்றாள். அப்படியானால் அத்தையும் நான் செய்ததையே செய்திருக்கிறாள். அத்தை திண்ணையில் உட்கார்ந்ததும் நான் அவள் மடியில் ஏறி, காதோடு கேட்டேன்:

"அத்தை, நீங்களும் பிஞ்சைப் பாத்து விரலை நீட்டிட்டீங்களா?"

அத்தை என் விரலை எடுத்துப் பார்த்தாள். முடிச்சின் தழும்பு இன்னும் இருந்தது. அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டிருந்தவள் எதற்கோ சிரித்தாள். "ஆமாண்டி கண்ணு" என்றாள். பிறகு உள்ளே போய்ப் புடவையை எடுத்து மூட்டை கட்டினாள்.

அரியலூரில் இறங்கும்போது இருட்டவில்லை. மாமா கொல்லையில் கொடிக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். அத்தையைப் பார்த்தார். அத்தை மூட்டையை வைத்துவிட்டு, வாய்க்காலில் அடைத்திருந்த இலையைக் காலால் தள்ளிவிட்டாள். தண்ணீர் ஓடியது. கொடியில் விட்டிருந்த மற்றொரு காய் முற்றிப் பழுத்தபோது அதை அறுத்து விதை எடுத்தவள் அத்தைதான். அந்த விதையின் வழி வந்த கொடி இன்று என் வீட்டுக் கொல்லையிலும் ஓடுகிறது. எனக்கு மறுபடி தலை பின்ன ஆள் கிடைத்தது. ஆண்டிமடத்துப் பேச்சு அதோடு நின்றது.

அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. குறை யாரிடம் என்று எந்த டாக்டரிடமும் போய்க் கேட்டதில்லை. கேட்காமலே தீர்ப்புச் சொல்லியாயிற்று. அவளை அனுப்பியது தப்பு என்று மாமா இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. என் விரல் கதையை மட்டும் ஊரெல்லாம் சொல்கிறார். அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் அத்தை எங்கே பார்க்கிறாள் என்று அவர் ஒருநாளாவது பார்த்திருப்பாரா? வளைகாப்பன்று வளையலை அவளிடம்தான் முதலில் நீட்டினேன். "வேணாம் கண்ணு, எனக்குப் புளிச்சோறு கிளறணும்" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். செந்துறையில் நான் கேட்ட கேள்விக்கு அர்த்தம் அந்த அடுப்படி வாசலில் நின்றபோதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

என் மகளுக்கு ஆவணியில் பிரசவம். பிள்ளையைத் தொட்டிலில் போடும் நாளில் முதலில் தூக்கிப் போடப்போவது அத்தை. இதில் பேச்சுக்கு இடமில்லை. உறவு முழுக்க வரும். மாமாவும் முன்வரிசையில் உட்காருவார். மாமா, அன்றைக்கு உங்கள் பரங்கிக்காய்க் கதையை நீங்களே ஆரம்பியுங்கள். ஆனால் இந்தத் தடவை பூவைக் கிள்ளியது யார் என்பதிலிருந்து சொல்லுங்கள். செந்துறைக்கு வண்டி ஏற்றியது யார், எதற்கு என்பதையும் சொல்லுங்கள். என் காதில் வந்து சொல்ல வேண்டாம். எழுந்து நின்று, அத்தை முகத்தைப் பார்த்து, அத்தனை பேர் கேட்கச் சொல்லுங்கள்.