விமானம் வரவில்லை என்று ஒரு புகார்

அந்த வீட்டுக்கு வேலைக்குப் போன முதல் நாளே சிஸ்டரம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, தொல்லை நோயாளியிடம் இல்லை, அவர் தலைக்கு மேலே இருக்கிறது என்று.

இருபத்தாறு வருடம் ஆஸ்பத்திரி வார்டு, அப்புறம் எட்டு வருடமாக வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்வது. இதுதான் அவர் பிழைப்பு. திட்டுகிற நோயாளி, துப்புகிற நோயாளி, கடிக்கிற நோயாளி, எல்லாரையும் பார்த்தாயிற்று. யாருக்காகவும் அவர் கண் கலங்கியதில்லை. கண் கலங்கினால் மருந்துப் புட்டியில் அளவுக்கோடு தெரியாது என்பார்.

இந்தப் பெரியவர் பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக இருந்தவர். முப்பது வருடம் ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று எழுதியவர். பக்கவாதத்தில் பேச்சு குழறிவிட்டது, வலது கை விழுந்துவிட்டது. இடக்கைக்காரர் என்பதால் எழுதுகிற கை தப்பியது. விழுங்குவதுதான் தகராறு. தாடையை நெஞ்சோடு தாழ்த்தி விழுங்கினால் சாப்பாடு வயிற்றுக்குப் போகும். தலையை நிமிர்த்தினால் மூச்சுக்குழாய்க்குப் போகும். அவரோ வாயில் ஒரு கரண்டி வைத்ததும் நிமிர்வார், ஏனென்றால் அந்த நேரம் பார்த்துக் கூரைக்கு மேல் ஒரு விமானம் போகும். இருமல் பிடித்துக்கொண்டால் கால் மணி நேரம் ஓயாது. ஜன்னலை அடைத்தும் பார்த்தார்கள். சுவரே அதிரும்போது ஜன்னல் என்ன செய்யும்?

எடை இன்னும் ஒரு கிலோ இறங்கினால் மூக்கில் குழாய் போட்டுவிட வேண்டியதுதான் என்று டாக்டர் ஒரு மாதம் கெடு வைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் போட்ட குழாயைப் பெரியவர் இரண்டு தடவை பிடுங்கி எறிந்தவர். மூன்றாவது தடவை போட்டபோது அந்த நல்ல கையைக் கட்டிலோடு கட்டிப் போட்டார்கள். அதைப் பார்த்த அவர் மருமகள் இன்னும் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

சிஸ்டரம்மா விமான நிலையத்துக்குப் போன் போட்டார். சத்தத்தைப் பற்றிய புகார்களைக் கேட்க அங்கே ஒரு அதிகாரி இருந்தாள். நல்ல பொறுமைசாலி. விமானம் எதிர்க்காற்றில்தான் இறங்கும், அதனால் இறங்குகிற பக்கத்தைக் காற்றுதான் முடிவு செய்கிறது, உங்கள் வீடு ஓடுபாதைக்கு நேர்கோட்டில் இருக்கிறது என்று விளக்கினாள். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர்கள் விமானங்களை இடைவெளி விட்டு வரிசையாக அனுப்புவார்களாம். பெரிய விமானம் போனால் அதன் பின்னால் காற்று சுழன்றுகொண்டே இருக்கும், அது அடங்கும்வரை அடுத்தது தள்ளித்தான் வருமாம்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரை நிறுத்தி நிறுத்தி விடுவது மாதிரிதானே என்று சிஸ்டரம்மாவுக்குச் சட்டென்று பிடிபட்டது. பிடிபட்டதும் தலைகால் புரியவில்லை. சாப்பாட்டுக் கரண்டியும் கையுமாக முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். சின்ன விமானம் போனால் மூன்று கரண்டி, நாலு எஞ்சின் வைத்த பெரியது போனால் ஆறு கரண்டி என்று கணக்குப் போட்டார். மருமகள் அவருக்குக் கண்ட்ரோல் டவர் என்று பெயர் வைத்தாள்.

கணக்கு சரி, ஆனால் பலிக்கவில்லை. இடைவெளியில் பெரியவர் தலை தாழ்வதே இல்லை. அடுத்ததை எதிர்பார்த்து அண்ணாந்தபடி இருந்தார். இரண்டு வாரம் இப்படிப் போனது. ஒரு காலை, விமானம் கடந்ததும் அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதையும், இடது கை விரல்கள் போர்வையில் எதையோ கிறுக்குவதையும் சிஸ்டரம்மா கவனித்தார். அடுத்த விமானத்துக்கும் அதே.

"அடக் கடவுளே, உங்க மாமா பயந்து நிமிரலம்மா. டியூட்டி பாக்குறாரு," என்றார் மருமகளிடம்.

சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் கோடு போட்ட நோட்டு, பேனா, ஒரு கைக்கடிகாரம், எல்லாம் தாழ்வாக வந்து உட்கார்ந்தன. விமானம் உறுமியது. பெரியவர் குனிந்தார். மணியை எழுதினார். தாடை நெஞ்சைத் தொட்டுக்கொண்டிருந்தது. சிஸ்டரம்மா கரண்டியை நீட்டினார், வாய் திறந்தது, சாப்பாடு வழுக்கிக்கொண்டு இறங்கியது. இருமல் இல்லை. அதுவரை விமானம் ஓயட்டும் என்று கரண்டியோடு காத்திருந்தவர், அதற்கப்புறம் விமானம் வரட்டும் என்று காத்திருந்தார். ஒரு விமானத்துக்கு இரண்டு வாய். நெரிசலான வேளையில் கிண்ணம் காலி.

எடை பார்க்க நாலு நாள் இருக்கையில் வானம் ஓய்ந்தது. ஒன்றுகூட வரவில்லை. பெரியவர் பேனாவைப் பிடித்தபடி, வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டி வராமல் டைம்கீப்பர் எப்படிச் சாப்பிடுவார்? மறுநாள் மதியமும் கிண்ணம் அப்படியே திரும்பியது. சிஸ்டரம்மா போனை எடுத்தார்.

"நான்தாம்மா, சத்தம்னு புகார் சொன்னவ. இப்ப சத்தமே இல்ல. எங்க போச்சு எல்லாம்?"

"காற்று திரும்பிடுச்சும்மா. அந்தப் பக்கத்துல இருந்து இறங்குது. இந்தப் பக்கம் கிளம்புறது உங்க வீட்டுக்கு முன்னாடியே வளைஞ்சு போயிடும். இப்ப நிம்மதிதானே?"

"என்ன நிம்மதி? மனுஷன் ரெண்டு நாளா பட்டினி கிடக்காரு. ரெண்டே ரெண்டை இப்படித் திருப்பி விட முடியுமான்னு மேல கேளுங்க."

முழுக் கதையையும் கேட்டதும் அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இந்த நாற்காலியில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன், விமானம் வரவில்லை என்று யாரும் திட்டியதில்லை என்றாள். காற்றைத் திருப்ப முடியாது. ஆனால் எந்த விமானம் எங்கே போகிறது என்று போனிலேயே வரைபடமாகப் பார்க்கலாம் என்று சொல்லிக் கொடுத்தாள்.

மருமகள் தன் போனைத் தட்டுக்குப் பக்கத்தில் மல்லாத்தி வைத்தாள். வரைபடத்தில் குட்டி குட்டி மஞ்சள் விமானங்கள் எறும்பு மாதிரி ஊர்ந்தன. ஒன்று ஓடுபாதையைத் தொட்டது. பெரியவர் குனிந்து உற்றுப் பார்த்தார், மணியை எழுதினார், வாயைத் திறந்தார். அன்று சாயங்காலம் இரண்டு கிண்ணம். ஒரே நேரத்தில் இத்தனை வண்டியை அவர் பஸ் நிலையத்தில்கூடப் பார்த்ததில்லை போலும். எழுதி முடிக்க விடாமல் ஊட்டினால் முறைத்தார்.

எடை பார்க்கிற அன்று டாக்டர் அவரை நாற்காலியோடு எடைமேடையில் ஏற்றி, நாற்காலியின் எடையைக் கழித்தார். போன மாதத்தைவிட நானூறு கிராம் கூட. நம்பாமல் இன்னொரு தடவை நிறுத்தார். அதே நானூறு. குழாய் போட எழுதி வைத்திருந்த சீட்டை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார். மருமகள் சிஸ்டரம்மாவைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்று சுற்றிவிட்டாள். முழங்கால் வலிக்காரியை இப்படியா சுற்றுவது என்று சிஸ்டரம்மா கத்தினார், கத்திக்கொண்டே சிரித்தார்.

பெரியவர் இரண்டு பேரையும் கண்டுகொள்ளவில்லை. இடது கையால் மருமகளின் கைப்பையை இழுத்து, போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு குனிந்தார். சிஸ்டரம்மா சிரிப்பை நிறுத்தி, மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்.