டயரைக் கடிக்க வைத்த மதியம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தை பிறந்து சில நாட்களே ஆகியிருந்த ஒரு சனிக்கிழமை. இடம், முடிச்சூரில் எங்கள் வீட்டு வாசல். மறுநாள் காலை என் மனைவி தன் சொந்தக் காரை முதல் தடவையாக ரேஸ் டிராக்கில் ஓட்டப் போகிறாள்.

பந்தயம் இல்லை, பயப்படாதீர்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கும் டிராக்கில் சில நாட்கள் பொதுமக்களை விடுவார்கள். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, நம் காரை நம் இஷ்டப்படி விரட்டிப் பார்க்கலாம். போலீஸ் இல்லை, ஸ்பீடு பிரேக்கர் இல்லை, குறுக்கே மாடு வராது. என் மனைவி மேற்கு தாம்பரத்தில் பல் டாக்டர். நாளெல்லாம் பிறர் வாய்க்குள் குனிந்தே இருக்கும் அவள், இரண்டே பேர் உட்காரக்கூடிய ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை ஆசைப்பட்டு வாங்கி வைத்திருந்தாள். மழைக்காலம் முழுக்க அந்த ஒரு நாளுக்காகத்தான் காத்திருந்தாள்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இரண்டு தடவை டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, இரண்டு தடவையும் பாதியில் நின்றவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் மின்சார ரயிலும் என் ஸ்கூட்டரும்தான். ஆனால் கேள்வி கேட்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஹோட்டலுக்குப் போனால் சட்னியில் என்ன போட்டீர்கள் என்று மாஸ்டர் வரை போய் விசாரிக்கிற ஜாதி நான். மனைவிக்கு இது எப்போதும் சிரிப்புதான், கார் விஷயத்தில் மட்டும் கோபம் வரும். "நீ கேள்வி கேக்கலப்பா, பயப்படற. அதைக் கேள்வி மாதிரி கேக்கற" என்பாள். அதில் பாதி உண்மை இருந்ததால் எனக்கு ரோஷம் வரும்.

டிராக்குக்கு அகலமான டயர் போட வேண்டும் என்று அவள் முடிவு செய்ததும் எனக்கு விருந்து கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. டயரின் பக்கவாட்டில் எண்கள் இருக்குமே, அவற்றுக்கு அர்த்தம் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். எங்கள் காரில் இருந்தது போல 195/50 R15 என்று இருந்தால், டயரின் அகலம் 195 மில்லிமீட்டர். கடைசியில் வரும் 15, ரிம்மின் விட்டம், அங்குலத்தில். நடுவில் இருக்கும் 50தான் ஆளை ஏமாற்றுகிற எண். டயரின் பக்கச்சுவர், அகலத்தில் ஐம்பது சதவீத உயரம் என்று அதற்கு அர்த்தம்.

அவள் போடப் போவது 225/45. நாற்பத்தைந்து என்பது ஐம்பதைவிடக் குறைவு, அதனால் டயர் குட்டையாகத்தான் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ரயிலில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தால், அகலம் கூடிவிட்டதால் பக்கச்சுவரின் உயரமும் கொஞ்சம் கூடத்தான் வருகிறது. எனக்கு ஒரே ஆச்சரியம். அதன்பின் எந்த வண்டியைப் பார்த்தாலும் குனிந்து எண்ணைப் படிக்க ஆரம்பித்துவிட்டேன். தாம்பரம் ஸ்டேஷன் பார்க்கிங்கில் யாரோ ஒருவருடைய காருக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், காத்து புடுங்குறியா?" என்று கேட்டார் அங்கே நின்ற ஆட்டோக்காரர். விளக்கம் சொல்லி அவரை நம்ப வைப்பதற்குள் என் ரயில் போய்விட்டது.

கணக்கை மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். "நாலு மில்லிமீட்டர்கூட இல்ல. அதுக்கு இவ்ளோ பில்டப்பா?" என்று சிரித்தாள். இதே மாடல் கார் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இதே அளவைத்தான் போட்டு வருடக்கணக்கில் டிராக்கில் ஓட்டுகிறாராம். அதற்கு மேல் என்ன கேட்பது?

அந்தச் சனிக்கிழமை காலை டயரை மாட்ட முடிச்சூர் ரோட்டில் இருக்கும் ஒரு டயர் கடைக்குப் போனோம். புது டயரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மொழுக்கென்று இருந்தது, வரிகளே பேருக்குத்தான். தேய்ந்த டயரைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நான் சண்டைக்குத் தயாரானபோது, டிராக் டயர் என்றாலே அப்படித்தான் என்றாள் மனைவி. வரிகள் இருப்பது மழைத் தண்ணீரை வெளியே தள்ளுவதற்கு. காய்ந்த டிராக்கில் ரப்பர் எவ்வளவுக்கு எவ்வளவு தரையைத் தொடுகிறதோ அவ்வளவுக்குப் பிடிப்பு.

கடைக்காரர் பொறுமையான ஆள். காரை ஜாக்கியில் தூக்கி, முன் சக்கரங்களை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிக் காட்டினார். எங்கேயும் உரசவில்லை. டயருக்கும் அதற்கு மேலே இருக்கும் வளைவுக்கும் நடுவில் தன் கையை விட்டு எடுத்தார். "கையே பூந்து வருது சார், இதுக்கு மேல இன்னா வோணும்? சோக்கா கீது" என்றார். என்னிடம்கூட மறு கேள்வி இல்லை.

வீட்டுக்கு வந்தோம். எங்கள் தெருவில் 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஒவ்வொரு வீடும் வாசலை உயர்த்திக்கொண்டது. அதனால் கார் ஏறும் சரிவு ஒவ்வொன்றும் மலையேற்றம்தான். தெருவோ குறுகல். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, குறுக்காகத்தான் ஏற்ற முடியும். அப்படி ஏறும்போது முன்பக்கத்து இடது சக்கரம் முதலில் சரிவில் ஏறி, காரின் கனம் மொத்தமும் அதன் மேல் சாயும். அந்த நொடியில் 'சர்க்' என்று ஒரு சத்தம் வந்தது.

கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது. கல்லாக இருக்கும் என்றாள் அவள். நான் தரையைப் பார்த்தேன். கல் எதுவும் இல்லை.

கேள்வி வாய் வரைக்கும் வந்தது. ஆனால் மறுநாள் டிராக். இப்போது வாயைத் திறந்தால் 'ஆரம்பிச்சிட்டியா' என்பாள், அவள் முகத்தில் இருக்கும் சந்தோஷமும் போய்விடும். விழுங்கிக்கொண்டேன். சாப்பாட்டில் மனம் போகவில்லை. அவள் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே எந்த வளைவில் எங்கே பிரேக் பிடிக்க வேண்டும் என்று விவரித்துக்கொண்டிருந்தாள். நான் நாக்கால் என் கடைவாய்ப் பல்லைத் தடவிக்கொண்டிருந்தேன். சில வாரங்களுக்கு முன் அவள்தான் அதை அடைத்துவிட்டாள். அடைத்து முடித்ததும் ஒரு நீலக் காகிதத்தை நடுவில் வைத்துக் கடிக்கச் சொன்னாள். அடைப்பு எங்கே உயரமாக இருக்கிறதோ அங்கே நீலம் ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்துத்தான் ராவிச் சரி செய்தாள்.

அடக்க முடியாமல் கேட்டேவிட்டேன். "பல்லுக்கு நீலப் பேப்பர் வச்சுக் கடிக்கச் சொல்றியே, அந்த மாதிரி டயருக்கு ஒண்ணும் கிடையாதா?"

அவள் கை தட்டிலேயே நின்றுவிட்டது. திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் வாசல் பக்கம் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள். "வாயைத் திறந்து வச்சிருந்தா எந்த ஃபில்லிங்கும் சரியாத்தான் தெரியும். கடிச்சாத்தான் இடிக்குதா இல்லையான்னு தெரியும். ஜாக்கி போட்டுத் தூக்கினா சக்கரம் கீழ தொங்குதுப்பா. நாம வாயைத் திறந்து வச்சுத்தான் பார்த்திருக்கோம்."

எங்கள் வீட்டில் கோலம் போடுவது நான்தான். அவளுக்கு அதில் பொறுமை கிடையாது. மாக்கோலத்துக்கு வைத்திருந்த பச்சரிசி மாவைத் திட்டமாகக் கரைத்தேன். அவள் ஒரு பழைய டூத் பிரஷ்ஷை எடுத்து வந்தாள். இருவரும் வாசலில் மண்டி போட்டு, சக்கரத்துக்கு மேலே இருக்கும் வளைவின் உட்புறம் முழுக்க மாவைப் பூசினோம். எதிர் வீட்டு அக்கா பால்கனியிலிருந்து, "கார் உள்ளயும் கோலமா, சார்?" என்று கேட்டார். உள்ளே ஒரு கறுப்பு ரப்பர் குழாய் தெரிந்தது. என்னவென்று கேட்டேன். பிரேக் ஆயில் போகும் குழாய் என்றாள். எதற்கும் இருக்கட்டும் என்று அதன் மேலும் பூசினேன்.

வெயிலில் மாவு சீக்கிரம் காய்ந்துவிட்டது. காரைத் தெருவில் இறக்கி, அதே மாதிரி ஸ்டீயரிங்கை ஒடித்து மறுபடி ஏற்றினாள். அதே 'சர்க்'.

மொபைல் டார்ச்சை அடித்துப் பார்த்தோம். மேல் வளைவில் உள்ளங்கை அகலத்துக்கு மாவு துடைத்தெடுத்த மாதிரி போயிருந்தது. அது பிளாஸ்டிக், போனால் போகிறது. ஆனால் பிரேக் குழாயிலும் ஒரு பக்கம் வெள்ளையே இல்லை. ரப்பர் பளிச்சென்று கறுப்பாக இருந்தது. அவள் விரலால் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். வாசல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வளைவுக்கு வளைவு கார் சாயும்போதெல்லாம் டயர் அந்தக் குழாயைத் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கும். குழாய் பிய்ந்தால் பிரேக் ஆயில் வெளியே போகும். அந்த வேகத்தில், நேர்ப் பாதையின் முடிவில், அவள் பிரேக்கை மிதித்திருப்பாள். அதற்கு மேல் நினைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நண்பருக்கு போன் போட்டாள். அவர் காரில் டயர் மட்டும் இல்லை, ரிம்மும் வேறு. சக்கரம் வெளிப்பக்கமாகத் தள்ளி உட்காருகிற மாதிரியான ரிம். அதைச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை, கேட்க இவளுக்கும் தோன்றவில்லை.

உடனே கடைக்கு ஓடி, பழைய டயர்களையே திரும்ப மாட்டினோம். கடைக்காரர் காரை இறக்கி வைத்து, அடியில் படுத்து அந்தக் குழாயைப் பார்த்தார். தேய்மானம் இல்லை, தைரியமாகப் போகலாம் என்று சொல்லிவிட்டு, "பேஜாரா பூட்டிருக்கும் மேடம். இனிமே தரையில வச்சும் ஒருவாட்டி பார்த்துடறேன்" என்றார்.

மறுநாள் டிராக்கில், அகலமான டயர் போட்டவர்கள் எல்லாரும் என் மனைவியைச் சர்வசாதாரணமாக முந்திக்கொண்டு போனார்கள். சின்ன டயரில் கார் வளைவுக்கு வளைவு கீச்சென்று கத்தியது. ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நான் எதுவும் கேட்காமல் காலை முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவளுக்கு இன்று என் தொல்லை வேண்டாம் என்று எனக்கு நானே உத்தரவு போட்டிருந்தேன்.

ஓட்டி முடித்து வந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள். முடியெல்லாம் வியர்வையில் ஒட்டியிருந்தது. முகம் நிறையச் சிரிப்பு. தண்ணீரைக் குடித்துவிட்டு என்னைப் பார்த்து, "கேளு" என்றாள்.

"என்ன கேக்கறது?"

"காலையிலேர்ந்து ஏதோ கேக்கணும்னு நிக்கற. கேளுப்பா."

கேட்டேன். "பயமா இருந்துச்சா?"

வழக்கமாக அந்தக் கேள்விக்கு ஒரு முறைப்பு கிடைக்கும். அன்று அவள் காரைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "முதல் வளைவுல ரொம்ப. நேத்தே இருந்துச்சு. உன்கிட்ட சொன்னா நீ இன்னும் பயப்படுவியேன்னு சொல்லல."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் தனக்குப் பயம் என்று அவள் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் கோபப்படுவாளே என்று நானும், நான் பயப்படுவேனே என்று அவளும் ஆளுக்கொரு பக்கம் வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால் அந்தக் கார் எங்கே போய் நின்றிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். நினைக்கும்போதெல்லாம், அவள் கிளினிக்கில் இருந்தாலும் சரி, ஒரு போன் போட்டு எதையாவது கேட்டுவிடுகிறேன்.