அஸ்தினாபுரத்தில் ஒரு வேலிக்காத்தான் சாகாத கதை

மரம் நடுகிறவனை ஊர் கையெடுத்துக் கும்பிடும், மருந்து தடவி மரத்தைச் சாகடிக்கிறவனை ஒரு மாதிரியாகப் பார்க்கும். ஆனால் வாங்கிய மனையில் வேலிக்காத்தான் நிற்கிறதென்றால் அந்த இரண்டாவது ஆளைத்தான் விலாசம் விசாரித்துக்கொண்டு வரும்.

எண்பதுகளின் கடைசியில் அந்த ஆள் நான்தான். தாம்பரத்தில் பூச்சிமருந்துக் கடை வைத்திருந்தேன். சுற்றுவட்டாரத்தில் வயலெல்லாம் மனையாகிக்கொண்டிருந்த நேரம். ஒரு மனை வாங்கினால் ஒரு வேலிக்காத்தான் இலவசம். சீமைக்கருவேலம் என்றும் சொல்வார்களே, அதே முள்மரம். பொழிச்சலூரில் அதன் முள் குத்தி, இறங்க வந்த விமானமே பஞ்சராகி நின்றது. பைலட் ஏணி போட்டு இறங்கி, என்னிடம்தான் சைக்கிள் கடைக்கு வழி கேட்டார். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். செருப்பைத் துளைத்துக்கொண்டு அந்த முள் குதிகாலில் ஏறிய அனுபவம் உள்ளவர்கள் சிரிக்க மாட்டீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு டீ ஆறும் நேரம்

வரதராஜன் சார் பேங்க் ஆபீசர். அஸ்தினாபுரத்தில் மனை வாங்கி, அஸ்திவாரமும் போட்டு, இரண்டு ரூம் வீடு எழுப்பிக்கொண்டிருந்தார். அவர் வாடகைக்குக் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர், தை மாதம் தன் மகனுக்கு வீடு வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஆகவே தையில் கிரகப்பிரவேசம் நடந்தே தீரவேண்டும். ஆனால் வாசற்படி வரவேண்டிய இடத்தில், குறி பார்த்து நட்டது போல ஒரு வேலிக்காத்தான். வேரோடு தோண்டினால் புது அஸ்திவாரம் ஆட்டம் கண்டுவிடும் என்றார் மேஸ்திரி. அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

என் முறை சுலபம். கூட வரும் கன்னியப்பன் மரத்தைத் தரையோடு அறுப்பான். அறுத்த அடிக்கட்டையில், பட்டையை ஒட்டி ஈரமாக ஒரு வளையம் தெரியும். அது காய்வதற்குள், ஒரு டீ ஆறும் நேரத்துக்குள், களைக்கொல்லியைப் பிரஷ்ஷால் தடவிவிட வேண்டும். மருந்து வேருக்கு இறங்கிவிடும். தாமதித்தால் கட்டை வாயை மூடிக்கொள்ளும். அப்புறம் குடம் குடமாக ஊற்றினாலும் உள்ளே போகாது.

அன்று வெள்ளிக்கிழமை. மரம் சாய்ந்தது. நான் பிரஷ்ஷை மருந்தில் முக்கிக் குனிகிறேன், வரதராஜன் சாரின் மாமியார் ஓடி வந்து என் கையைப் பிடித்துவிட்டார். மணி பத்தரை, ராகு காலம் பிறந்துவிட்டதாம். புது வீட்டு வாசலில் எதையும் பன்னிரண்டுக்கு மேல்தான் தொடங்க வேண்டுமாம். பிரஷ்ஷிலிருந்து மருந்து சொட்டுகிறது. கட்டை என் கண்ணெதிரே காய்கிறது. படித்த மனிதர், லோன் கேட்டு வருகிறவனை ஆயிரம் கேள்வி கேட்டுக் குடைகிறவர், என்னைக் காப்பாற்றுவார் என்று வரதராஜன் சாரைப் பார்த்தேன். அவர் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்:

"அட, உக்காருங்க சார். மரம் இனிமே எங்க போயிடப் போகுது? பன்னெண்டு மணிக்கும் அதே இடத்துலதானே இருக்கும்."

மழைக்கு அப்புறம்

பன்னிரண்டுக்கு மேல் தடவினேன், கடமைக்கு. ஐப்பசி மழை ஓய்ந்ததும் ஒரு நாள் வரதராஜன் சார் கடைக்கு வந்தார். என்னையும் கன்னியப்பனையும் ஒரே ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய் மனையில் இறக்கினார். ஒற்றை மரம் நின்ற இடத்தில் ஒரு காடு நின்றது. அடிக்கட்டையைச் சுற்றித் துளிர்கள் கொத்துக் கொத்தாகக் கிளம்பி ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தன. வீட்டின் முன்கதவே தெரியவில்லை. கட்டட ஆட்கள் ஜன்னலுக்கு விட்ட ஓட்டை வழியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே போன கொத்தனார் ஒருவர், வெளியே வர வழி தெரியாமல் அங்கேயே அடுப்பு மூட்டிக் குடித்தனம் நடத்தியதாகவும் அந்தப் பக்கம் பேச்சு.

கன்னியப்பன் காட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தான். ஒரு துளிரை வளைத்துப் பார்த்தான், இலையைக் கிள்ளி முகர்ந்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"இன்னா சார், நீ தடவுனது வெசமா, டானிக்கா?"

செருப்பு

மறுபடி அறுத்து, இந்தத் தடவை உடனே தடவிவிடலாம் என்று அடுத்த வாரத்தில் ஒரு நாள் குறித்துக்கொண்டோம். அதற்குள் விஷயம் கைமீறிப் போய்விட்டது. வெள்ளிக்கிழமையாகப் பார்த்து வெட்டுப்பட்ட மரம், விஷம் வைத்தும் சாகாமல் கொத்தாக எழுந்து நிற்கிறதென்றால் அது சும்மா மரமாக இருக்க முடியுமா? பின்தெருவில் பூ விற்கும் நாகம்மா முதலில் ஒரு மஞ்சள் துணியைக் கட்டினாள். மறுநாள் குங்குமம் வந்தது. அப்புறம் சூலம் வந்தது, எலுமிச்சம்பழம் வந்தது, பக்கத்து நகரிலிருந்து ஜனமும் வந்தது. நாங்கள் குறித்த நாளில் போய் நின்றபோது பம்பைச் சத்தம் காதைப் பிளந்தது. கன்னியப்பன் ரம்பத்தைச் சாக்கில் சுற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். டானிக்கா என்று கேட்ட அதே வாய்தான் இப்போது "தாயே" என்றது.

தை பிறந்தால் வாடகை வீடு போய்விடும். சொந்த வீட்டு வாசலிலோ கோயில் எழும்பிவிட்டது. வரதராஜன் சார், பத்திரம் என் பேரில் இருக்கிறது, ஒரு கை பார்த்துவிடுகிறேன் என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு மனைக்குள் கால் வைத்தார். பொங்கல் கிளறிக்கொண்டிருந்த நாகம்மா தலையை நிமிர்த்தவே இல்லை.

"இன்னா சார், அம்மா எதிர்ல செருப்போட வந்துகினு கீறே? கயட்டி கேட்டாண்ட வுட்டுட்டு வா."

சார் கழற்றி விட்டுவிட்டுத்தான் வந்தார். நானும்தான்.

டீச்சரின் மதில்

பக்கத்து வீடு எஸ்தர் டீச்சருடையது. அவருடைய மதிலை ஒட்டித் தெருப்பக்கமாக ஒரு வேப்பமரம் உண்டு. பஸ்ஸை விட்டு இறங்குகிற ஆண்பிள்ளைகளுக்கு அவசரம் வந்தால் அந்த மரத்தடிதான். டீச்சர் மதிலில் "இங்கே அசுத்தம் செய்யாதீர்" என்று எழுதிப் பார்த்தார். நின்றுகொண்டே படித்துவிட்டுப் போனார்கள்.

நானும் வரதராஜன் சாரும் வெறுங்காலோடு நாகம்மாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தோம். முள்மரத்தில் அம்மன் எத்தனை நாள் உட்காருவாள், அவளுக்கு வேம்பு அல்லவா வீடு என்று நான் எடுத்துவிட்டேன். நாகம்மா யோசித்தாள். வேம்புக்கு எங்கே போறது என்று கேட்டாள். அந்த நேரம் பார்த்து மதிலுக்கு மேலே டீச்சரின் தலை எழும்பியது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், இத்தனை நாள் பம்பைச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டவர், இன்றைக்கு நம்மைக் கிழிக்கப்போகிறார் என்று நான் ஒடுங்கிப்போனேன். டீச்சர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பேசினார்:

"நாகம்மா, உங்க அம்மனைத் தாராளமா எங்க வேப்பமரத்துக்குக் கூட்டிட்டு வாங்க, மதிலுக்கு வெளிப்பக்கமா. நானும் அங்க சிலுவை வரைஞ்சு பார்த்துட்டேன், ஒருத்தனும் பயப்படல. அந்தம்மாவாவது நிறுத்துறாங்களான்னு பார்ப்போம்."

மறுபடியும் வெள்ளிக்கிழமை

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, அம்மன் இடம் மாறினாள். துணி, சூலம், பம்பை, ஜனம் எல்லாம் அவளோடு மதிலைச் சுற்றிக்கொண்டு வேம்படிக்குப் போய்விட்டன. துணி அவிழ்ந்ததும் புதர் வெறும் புதராகிவிட்டது. கன்னியப்பனுக்கும் அதை அறுக்கக் கை வந்தது. ஆனால் ஊர்வலம் கிளம்பி முடிவதற்குள் மணி பத்தரையைத் தாண்டிவிட்டது. அவனோ விட்ட நாளையெல்லாம் சேர்த்து அறுத்துத் தள்ளுகிறான். கடைசித் துளிரும் விழுந்து, பழைய கட்டையையும் ஒரு விரற்கடை சீவிவிட்டான். ஈர வளையம் பளபளவென்று தெரிகிறது. தலை நிமிர்ந்தால் மாமியார் வருகிறார், அதுவும் ஓட்டமாக.

இந்தத் தடவையும் கட்டை காய்ந்தால் வரதராஜன் சாருக்குத் தை இல்லை, எனக்குத் தாம்பரத்தில் கடை இல்லை. பிரஷ்ஷை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். அந்த அம்மாள் என் கையை முன்னால் இழுத்தார், பிரஷ்ஷோடு சேர்த்து மருந்தில் முக்கினார், கொண்டுபோய்க் கட்டைமேல் வைத்து அழுத்தினார். "அம்மா, ராகு காலமாச்சே" என்று நானே ஞாபகப்படுத்தினேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தெரிஞ்சுதானே ஓடி வர்றேன். போன தடவை நல்ல நேரத்துல தடவித்தானே அது காடாச்சு? சாகடிக்கிற காரியத்தை யாராவது நல்ல நேரத்துல செய்வாங்களா? சட்டுனு தடவுங்க தம்பி, பன்னெண்டு அடிச்சா ராகு காலம் போயிடும்."

அந்தத் தடவை மரம் செத்தது, தையில் வாசற்படி ஏறியே பால் காய்ச்சினார்கள், டீச்சரின் மதிலும் காய்ந்தது. இந்தக் கையால் மருந்து தடவி நான் கொன்ற மரத்து அம்மனுக்கு ஆடி மாதம் ஊற்றும் கூழை வருஷம் தவறாமல் வரிசையில் நின்று வாங்கிக் குடிக்கிறவனும் நான்தான்.