இருசம்மாளின் நாலு தெரு

தேவனாம்பட்டினத்து இருசம்மாளுக்குப் பொறாமை பிறவிக் குணம். அதை அவள் மறைத்ததும் இல்லை. பக்கத்து வீட்டுக்குப் புது மிக்சி வந்தால் இரண்டு நாளைக்கு இவளுக்குச் சோறு இறங்காது. ஏலத்தில் வேறொருத்திக்கு நல்ல சங்கரா மீன் விழுந்துவிட்டால், அந்தச் சங்கராவுக்குக் கண் கலங்கியிருக்கிறது, பழைய மீன் என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டுத்தான் தன் கூடையைத் தூக்குவாள்.

அவளுக்கென்று இருந்த சொத்து திருப்பாதிரிப்புலியூரில் நாலு தெரு. பத்திரம் கிடையாது, பட்டா கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக அந்தத் தெருக்களில் மீன் விற்பவள் அவள்தான், அவ்வளவே. கூடைக்காரிகளுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. ஒருத்தியின் தெருவில் இன்னொருத்தி கூடையை இறக்கக் கூடாது. ஆனால் ஒரு தெரு தொடர்ந்து பத்து நாள் மீன்காரி இல்லாமல் கிடந்தால், முதலில் வந்து கூவுகிறவளுக்கு அது சொந்தம். நாலாவது தெருவை இருசம்மாளே அப்படித்தான் பிடித்தாள், கால் உடைந்து படுத்த ஒருத்தியிடமிருந்து. அதனால் அந்தச் சட்டத்தின் ருசி அவளுக்கு நன்றாகவே தெரியும்.

இரண்டாயிரத்துப் பத்தாம் வருஷம் பொங்கலுக்கு முன்னால் சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் விஷயத்தைச் சொன்னார். வலது மார்பில் ஒரு வருஷமாக இருந்த கட்டி, வலிக்காததால் இவள் கண்டுகொள்ளாமல் விட்ட கட்டி, புற்றுநோய். மார்பை முழுசாக எடுக்க வேண்டும். அக்குளில் இருக்கும் நெறிக்கட்டிகளையும் எடுக்க வேண்டும். அப்புறம் மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஊசி, மொத்தம் ஆறு. எல்லாம் முடிய ஆறு மாசம் ஆகும்.

சிதம்பரத்திலேயே வாழ்க்கைப்பட்டிருந்த மகள் தமிழினி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். புருஷன் சடையப்பன் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்தான். இருசம்மாள் மட்டும் டாக்டரைப் பார்த்துக் கேட்டாள்.

"ஆறு மாசமா? அப்ப என் தெரு?"

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை.

சேதி பரவிய மறுநாளே விருத்தாம்பாள் வந்துவிட்டாள். பக்கத்துத் தெருக்களில் விற்பவள், வாய் சாமர்த்தியசாலி. "நீ கவலப்படாதடி. நான் பாத்துக்கறேன். நீ எழுந்து வந்ததும் குடுத்துடறேன்" என்றாள்.

"நீ பாத்துக்குவ. அப்பறம் நான் ஓரமா நின்னு பாத்துக்கிட்டே இருக்கணும். போடி வேலயப் பாத்துக்கிட்டு" என்று அனுப்பிவிட்டாள் இருசம்மாள்.

யாரை நிறுத்துவது என்று இரண்டு நாள் யோசித்தாள். பொன்னி ஞாபகத்துக்கு வந்தாள். சடையப்பனின் தம்பி அய்யனாரின் பெண்டாட்டி, இருசம்மாளுக்கு ஓரகத்தி. வாயில்லாப் பூச்சி. வீட்டோடு உட்கார்ந்து கருவாடு போடுவதைத் தவிர வேறொன்றும் அறியாதவள். தெருவில் நின்று கூவச் சொன்னால் குரல் தொண்டையிலேயே நின்றுவிடும். இருசம்மாளுக்கு அதுதான் பிடித்திருந்தது. தெருவில் ஆள் நிற்க வேண்டும், ஆனால் தெரு அந்த ஆளோடு ஒட்டிக்கொள்ளக் கூடாது. இப்படி ஒரு காவலுக்குப் பொன்னியை விட்டால் ஆள் ஏது?

ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் முழுக்கப் பொன்னியைக் கூட்டிக்கொண்டு நாலு தெருவும் சுற்றினாள். சொல்ல வேண்டியதில் பாதியைச் சொன்னாள், பாதியை விழுங்கினாள். மூன்றாம் தெரு ராமாமிர்தம் அம்மாள், ரிட்டயர் ஆன டீச்சர், சொன்ன விலையில் பாதியைக் கேட்டுவிட்டு விருட்டென்று உள்ளே போவார். அங்கேயே நிற்க வேண்டும். அஞ்சு நிமிஷத்தில் பர்சோடு திரும்பி வருவார். இருசம்மாள் பொன்னியிடம் சொன்னது வேறு.

"அந்தம்மா உள்ள போயிட்டா அவ்ளோதான், வராது. நீ நிக்காத, நடயக் கட்டு."

"சரிக்கா."

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சிக்க. ஒரு நா கூட தெரு காலியா இருக்கக் கூடாது. மழையோ வெயிலோ, கூடயத் தூக்கிட்டுப் போயி நின்னுரணும். நின்னியா இல்லியான்னு எனக்குத் தெரிஞ்சுரும்."

"சரிக்கா."

தை மாசம் பத்தாம் தேதி மூக்குத்தியையும் தாலியையும் கழற்றிச் சடையப்பன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். கண் விழித்தபோது நெஞ்சைச் சுற்றி இறுக்கமான கட்டு. விலாவிலிருந்து ஒரு குழாய் வந்து சின்ன டப்பாவில் சேர்ந்தது. அந்த டப்பாவைத் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு பாத்ரூமுக்குப் போய் வந்தாள்.

கட்டுப் பிரித்த அன்று குனிந்து பார்த்தாள். ஒரு சாண் நீளத்துக்குத் தையல், அதற்கு மேலும் கீழும் ஒன்றுமில்லை. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எதிர்க்கட்டிலில் கீரப்பாளையத்துக்காரி ஒருத்தி இருந்தாள். அவளுக்குக் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு மார்பை விட்டுவைத்திருந்தார்கள். அவள் முகத்தில் விழிக்கக் கூடாதென்று இருசம்மாள் இரண்டு நாள் சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்திருந்தாள்.

நர்ஸ் ஜான்சி வந்து அவளை எழுப்பிச் சுவரோரம் நிறுத்தினாள்.

"விரலால செவுத்துல ஏறணும்மா, பல்லி ஏறுற மாதிரி. தெனம் கொஞ்சம் கொஞ்சமா. இல்லன்னா தோளு இறுகிப் போயிடும், கை தலைக்கு மேல போகாது. அப்பறம் இந்தக் கையில முள்ளு குத்தக் கூடாது, கத்தி படக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. வீங்கிடும்."

"சிஸ்டர், நான் மீன் விக்கறவ."

"அதுக்குத்தான் சொல்றேன்."

இடுப்பு உயரத்துக்கு மேல் கை போகவில்லை. அக்குளுக்குள் யாரோ கயிறு போட்டு இழுப்பது போல வலித்தது. "போதும் போ" என்று கையை இறக்கிவிட்டாள். மகள் வீட்டுக்கு வந்த பிறகும் சுவர்ப்பக்கம் போகவில்லை. தமிழினி கெஞ்சினாள், மாப்பிள்ளை தயங்கித் தயங்கிச் சொல்லிப் பார்த்தார். இருசம்மாள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். மார்பே போயாச்சு, கை போனால் என்ன என்பது அவள் வாதம்.

வெள்ளிக்கிழமை மீன் வாங்குகிறவர்கள் குறைவு. சடையப்பனும் அன்றைக்குக் கடலுக்குப் போகமாட்டான். முதல் வெள்ளிக்கிழமை பஸ் பிடித்து வந்தான். வந்தவனிடம் தண்ணீர்கூடக் கொடுக்காமல் கேட்டாள்.

"பொன்னி எப்பிடி விக்கறா?"

சடையப்பன் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தான். "நல்லாத்தான் விக்குது."

"நல்லான்னா?"

"நல்லாத்தான். பன்னெண்டு மணிக்கெல்லாம் கூடை காலி."

இருசம்மாளே ஒரு மணிக்கு முன்னால் கூடை காலியாகி வீடு திரும்பியதில்லை. வயிற்றுக்குள் அடுப்பு மூட்டியது போல இருந்தது. எழுந்தாள். நேராகச் சுவரிடம் போய் வலது கையை வைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றினாள். தோள் உயரத்துக்கு ஒரு சாண் கீழே வந்து நின்றது. "தமிழு, மை எடுத்தா" என்று கத்தி, மகளின் கண்மையால் அந்த இடத்தில் ஒரு கோடு போடச் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு சேதி வந்தது. பொன்னியை ராமாமிர்தம் அம்மாள் வீட்டுக்குள் கூப்பிட்டுக் காபி கொடுத்தாராம். நாலு தெருவிலும் பொன்னி பேச்சாகத்தான் இருக்கிறதாம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் மீன் விலை ஏறிக்கிடக்கும் தடைக்காலத்தில்கூட அவள் கூடையில் மீன் மிஞ்சுவதில்லையாம். ஒவ்வொரு சேதிக்கும் சுவரில் கோடு இரண்டு விரற்கடை மேலே போனது.

சேதியோடு ஒரு பையும் வரும். "பொன்னி குடுத்து வுட்டுச்சு" என்பான். பிரித்தால் கருவாடு. முதலில் நெத்திலி, அப்புறம் சங்கரா. ஒரு தடவை வஞ்சிரத் துண்டங்களே வந்தன.

"வஞ்சிரத்தக் கருவாடு போடற அளவுக்கு வந்துட்டாளா மகாராணி? விக்கற திமிரு, என்ன செய்யறதுன்னு தெரியாம தானம் பண்றா" என்று பையைத் தள்ளினாள். தமிழினி வறுத்தாள், மாப்பிள்ளை இன்னொரு துண்டு கேட்டு வாங்கித் தின்றார். இருசம்மாள் ஒரு நாளும் வாயில் வைக்கவில்லை. ஊசி போட்ட வாரங்களில் வெறும் மோர்கூட வாந்தியாகிவிடும். நன்றாக இருக்கும் வாரங்களிலும் ரசத்தை ஊற்றிப் பிசைந்து தின்பாளே தவிர, பொன்னியின் கருவாட்டைத் தொடமாட்டாள்.

முடி கொட்டி மொட்டையானாள். இந்தத் தலையில் கூடைக்கு வைக்கும் சும்மாடு நிற்குமா என்று கண்ணாடியில் பார்த்தாள். அதைவிடப் பெரிய கவலை ஒன்று அவளை அரித்தது. பொன்னியைப் பற்றிப் பேசும்போது இந்த மனுஷன் முகம் ஏன் இப்படி மலருகிறது? ஒரு பக்கம் இல்லாதவளின் வீட்டுக்காரன், இரண்டு பக்கமும் இருப்பவளைப் பற்றி வாரம் தவறாமல் வந்து பேசுகிறான். ஒரு நாள் கேட்டே விட்டாள்.

"ஏன்யா, அவளப் பத்திப் பேசவா பஸ்சு ஏறி வர?"

"நீதான கேட்ட?" என்றான் அவன் அப்பாவியாக. அன்றைக்கு அவள் கை காது உயரத்தைத் தாண்டியது.

ஆறாவது ஊசிக்குப் போனபோது வலது கை தலைக்கு மேலே நேராக நின்றது. ஜான்சி அவளைப் புதிதாக வந்திருந்த பேஷண்டுகள் முன்னால் நிறுத்திக் கையைத் தூக்கிக் காட்டச் சொன்னாள். "பாருங்க, எவ்ளோ மன உறுதி இந்தம்மாவுக்கு!"

"மன உறுதியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல சிஸ்டர். வயித்தெரிச்சல்" என்றாள் இருசம்மாள்.

ஆனி மாசக் கடைசியில், யாருக்கும் சொல்லாமல், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சிதம்பரத்தில் பஸ் ஏறினாள். ஊருக்குப் போகவில்லை, நேராகத் திருப்பாதிரிப்புலியூரில் இறங்கினாள். பொன்னி ராணி மாதிரி வியாபாரம் பண்ணுவதைக் கண்ணால் பார்த்து, அங்கேயே கூடையைப் பிடுங்கிவிடுவது என்று முடிவு.

மணி பன்னிரண்டுக்குப் பக்கம். மூன்றாம் தெருவில் பொன்னி நின்றுகொண்டிருந்தாள். கறுத்துப்போயிருந்தாள். கூவவில்லை, சும்மா நின்றாள். பக்கத்தில் இறக்கி வைத்திருந்த கூடையை இருசம்மாள் எட்டிப் பார்த்தாள். முக்கால் கூடை மீன் அப்படியே கிடந்தது.

கேட்டைத் திறந்துகொண்டு ராமாமிர்தம் அம்மாள் ஓடி வந்தார்.

"வந்துட்டியா இருசு! நல்லா இருக்கியா? எப்பிடியோ வந்தியே, அது போதும். இந்தப் பொண்ணு வாயே தொறக்க மாட்டேங்குது. நான் உள்ள போயி பர்சு எடுத்துட்டு வரதுக்குள்ள அடுத்த தெருவுக்குப் போயிடுது. ஆறு மாசமா என் வீட்டுல மார்க்கெட்டு மீனுதான்."

இருசம்மாள் திரும்பிக் கூடையைப் பார்த்தாள். ராமாமிர்தம் அம்மாள் நிறுத்தவில்லை.

"பாவம், கூடை நெறைய மீனோடதான் திரும்பிப் போகும். ஆனா ஒரு நா கூட வராம இருந்ததில்ல. அந்த விருத்தாம்பா வந்து, தெருவ வுட்டுடுன்னு கத்துனா. இது பதிலே பேசல. கூடய நடுத்தெருவுல வச்சிட்டு அதும் முன்னால உக்காந்துடுச்சு. பொழுது சாயற வரைக்கும் எழுந்திரிக்கல."

அப்போதுதான் பொன்னி இவளைக் கண்டாள். திருடி மாட்டிக்கொண்டவள் போலப் பதறினாள். துண்டு கட்டிய தலையைப் பார்த்தாள், தட்டையாகக் கிடந்த வலது பக்கத்தைப் பார்த்தாள், கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஒரு நா கூட வுடலக்கா" என்றாள்.

விற்காத மீன்தான் கருவாடு. தேவனாம்பட்டினத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வஞ்சிரத்தை உப்பில் போடுகிறாள் என்றால், பச்சையாக வாங்க ஆளில்லை என்றுதான் அர்த்தம். இருபத்திரண்டு வருஷம் கூடை சுமந்தவள், வாராவாரம் பையைப் பிரித்துப் பார்த்தும் இதை யோசிக்கவில்லை.

இருசம்மாள் தெருவின் நடுவுக்குப் போனாள். "மீனே... மீனு! சங்கரா, காலா, கெழங்கா!" என்று ஒரு குரல் கொடுத்தாள். குரலில் ஆறு மாசக் கரகரப்பு இருந்தாலும் வலதும் இடதுமாகக் கதவுகள் திறந்தன. நாலாம் தெருவுக்குப் போகும்போது பொன்னி கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். அங்கே இறக்க ஒரு கை தேவைப்பட்டது. இருசம்மாளின் வலது கை யோசிக்காமல் மேலே போய்க் கூடையின் விளிம்பைத் தொட்டது. "அந்தக் கை வேணாம்க்கா" என்று பொன்னி சொன்னாள். இருசம்மாள் இடது கையால் பிடித்து இறக்கினாள். மீனைப் பொன்னி நறுக்கினாள், விலையை இருசம்மாள் பேசினாள். நாலாம் தெரு முனையில் கூடை காலி.

சாயங்காலம் வீட்டில் வலையை உதறிக்கொண்டிருந்த சடையப்பனிடம் போனாள்.

"ஏன்யா அப்பிடி ஒரு பொய்யச் சொன்ன?"

அவன் நிமிரவில்லை. "மொத வாரம், நீ வருத்தப்படக் கூடாதேன்னு சும்மாதான் சொன்னேன். நீ எழுந்து போயி செவுத்துல கைய வச்ச. நர்சு சொல்லியும் வைக்கல, மவ கெஞ்சியும் வைக்கல. அதான் அடுத்த வாரம் கொஞ்சம் ஜாஸ்தியா சொன்னேன்."

"அவளப் பத்திப் பேசறப்ப மூஞ்சி மலந்துச்சே?"

"உன் கை ஏறுச்சுல்ல."

ஆறு மாசமாக இருசம்மாள் ஒருத்தியை இல்லாத ஒரு வெற்றிக்காகக் கரித்துக்கொட்டியிருக்கிறாள். அவளோ இவள் சொல்லிக்கொடுத்த பொய்யை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, தினம் வெயிலில் நின்றுவிட்டுக் கனத்த கூடையோடு திரும்பியிருக்கிறாள். வெட்கத்தில் இருசம்மாளுக்கு உடம்பு கூசியது.

பின்பக்கமாகப் பொன்னி வீட்டுக்குப் போனாள். பொன்னி சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, விக்கலன்னா வுட்டுட்டுப் போக வேண்டியதுதான?"

"நீ வந்து திட்டுவியேக்கா" என்றாள் பொன்னி.

இருசம்மாள் தரையில் உட்கார்ந்தாள். "பசிக்குது. கருவாடு இருக்கா?"

பொன்னி தட்டில் சோற்றைப் போட்டு, வறுத்த வஞ்சிரத் துண்டு ஒன்றை வைத்தாள். இருசம்மாள் பிய்த்து வாயில் போட்டாள். உப்பு அளவாக இருந்தது. முறுகலாகவும் இருந்தது, உள்ளே மிருதுவாகவும் இருந்தது. தான் போட்ட கருவாடு வாழ்நாளில் ஒரு தடவைகூட இப்படி அமைந்ததில்லை என்று பட்டதுமே, வயிற்றில் அந்தப் பழைய எரிச்சல் பற்றிக்கொண்டது.

"உப்பு தூக்கலா இருக்கு" என்றாள் இருசம்மாள். "இன்னொண்ணு வை."