மூன்றாவது ஜாப் கார்டு

திருப்பதிக்கு வெளியே இருக்கிற அந்த லாரி ஷோரூமில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஹன்னாவுக்கு ரிசப்ஷனில் ஒரு சுழல் நாற்காலி ஒதுக்கியிருந்தார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் குட்மார்னிங் சொல்ல வேண்டும், சிரிக்க வேண்டும். இரண்டு நாள் சொன்னாள், சிரித்தாள். மூன்றாம் நாள் நீலப் பேன்ட்டும் சட்டையும் போட்டுக்கொண்டு வந்து, நாற்காலியைத் திரும்பியும் பார்க்காமல் பட்டறைக்குள் நடந்து, முதலில் கண்ணில் பட்ட லாரிக்கு அடியில் படுத்துவிட்டாள். எழுப்ப வந்த ஆண்களிடம், "பேட்டரி எர்த் லூஸா இருக்கு. பதிமூணாம் நம்பர் ஸ்பேனர் எடுங்க," என்றாள். என்ன நினைத்தார்களோ, எடுத்துக் கொடுத்தார்கள்.

இது நடந்து நாலு வருஷம் ஆகிறது. ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்த பெண், எலக்ட்ரிக்கல் வேலையில் அந்தப் பட்டறையிலேயே கெட்டிக்காரி, ஆனாலும் இன்னும் கான்ட்ராக்ட்தான். நிரந்தரம் செய்யும் லிஸ்ட் இந்தத் திங்கட்கிழமை ஹெட் ஆபீசுக்குப் போகிறது. அதில் ஹன்னா பேர் இருக்கிறது. சித்தூரில் பழைய மிஷன் கோயிலை ஒட்டிய தெருவில் இருந்து தினமும் காலையில் பஸ் ஏறும்போது, அம்மா கிருபாபாய் ஜெபம் மாதிரி ஒன்றைச் சொல்லி அனுப்புவாள். "திங்கக்கிழமை வரைக்கும் வாயை மூடிக்கினு இருடீ." ஹன்னா தலையை ஆட்டிவிட்டு ஏறுவாள். அந்தத் தலையாட்டலுக்கு ஆயுசு சித்தூர் எல்லை வரைக்கும்தான்.

உண்மையைச் சொன்னால், வாயை மூடிக்கொண்டிருந்த சமயமும் உண்டு. அதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

இப்போது வரும் டீசல் வண்டிகளில் டீசல் டேங்க் போக, நீல மூடி போட்ட சின்ன டேங்க் ஒன்றும் இருக்கும். அதில் சுத்தமான யூரியாக் கரைசல் ஊற்ற வேண்டும், புகையைச் சுத்தம் பண்ண. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல ஒரு சென்சார் உண்டு. அந்த சென்சார் 'காலி' என்று சொல்லிவிட்டால், டேங்க் ததும்பினாலும் வண்டி நம்பாது. மணிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் போகமாட்டேன் என்று அடம் பிடிக்கும். சில புத்திசாலிகள், வீட்டில்தான் யூரியா மூட்டை இருக்கிறதே என்று, வயலுக்குப் போடுகிற யூரியாவைக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்து ஊற்றிவிடுவார்கள். அப்புறம் சென்சார் உப்புப் பூத்துச் செத்துப்போகும். அப்படிச் செத்தால் வாரண்ட்டி கிடையாது. இது நியாயம்தான்.

சூப்பர்வைசர் கோபிகிருஷ்ணன் இந்த நியாயத்தைக் கொஞ்சம் நீட்டி வைத்திருந்தார். யூரியா விளக்கு எரிந்து வருகிற வண்டிக்காரன் விவசாயியாகவோ விளைச்சல் ஏற்றுகிறவனாகவோ இருந்தால் போதும், குற்றம் நிரூபணமானது. போன மாதம் வெதுருகுப்பத்திலிருந்து ஜெகநாதன் என்பவர் வண்டி அப்படி வந்தது. பத்து நாள் கழித்துப் பலமனேரிலிருந்து ஜமீலா வந்தாள். காய்கறி லோடுக்குச் சொந்த வண்டி வைத்துத் தானே ஓட்டுகிறவள். பத்துப் பதினைந்து டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டு நிற்க, அவர்கள் எதிரிலேயே கோபிகிருஷ்ணன், "வயல் யூரியா ஊத்திட்டு வாரண்ட்டி கேக்கறாம்மா இவ," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஜமீலா சிரிக்கவில்லை, அழவும் இல்லை. ஹன்னாவை மட்டும் ஒரு பார்வை பார்த்தாள். அந்த இரண்டு நாளும் வேலை நெரிசல். ஹன்னா எதையும் அளந்து பார்க்காமல், சூப்பர்வைசர் சொன்னதை, வண்டிக்கு வண்டி போடும் வேலைச்சீட்டான ஜாப் கார்டு இரண்டிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். தப்பு செய்தாள். அதைத் தப்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை மூன்றாவது வண்டி வந்தது. வந்தது என்பதைவிட ஊர்ந்தது என்று சொல்லலாம். நகரி பக்கத்து அப்பாவு, மாங்காய் லோடு அடிக்கிறவர், ஐம்பத்தைந்து வயது, தோளில் துண்டு, முகமெல்லாம் கோபம்.

"வடமாலபேட்டையிலேர்ந்து இருபதுல உருட்டிக்கினு வர்றேன். ஸ்கூட்டில போற பொண்ணுங்கல்லாம் ஹாரன் அடிச்சிட்டு முந்திக்கினு போவுது. மாங்கா சீசன்ல எனக்கு இந்தக் கதியா?"

கோபிகிருஷ்ணன் குனிந்து பார்த்தார். யூரியா டேங்கின் மேல், சென்சாருக்கு ஒயர் போய்ச் சேரும் கனெக்டரைச் சுற்றி, வெள்ளையாகப் பொடி படர்ந்து காய்ந்திருந்தது. அவர் முகத்தில் ஒரு திருப்தி. தெலுங்கு கலந்தே பேசுகிறவர்.

"சூடு, இதோ பாரு, உப்பு! வயல் யூரியா. எழுதும்மா ஹன்னா, சென்சார் போச்சு, வாரண்ட்டி லேது."

"இன்னா சார் பேசறீங்க?" அப்பாவு துண்டை உதறினார். "எனக்கு சோறு போடுற வண்டிக்கு நானே வெஷம் வெப்பனா? கடையில கேன் வாங்கித்தான் ஊத்தறேன். என் வயலுக்கே யூரியா கெடைக்காம லைன்ல நிக்கறேன், இதுக்கு வேற ஊத்துவனா?"

"எல்லாரும் இதேதான் சொல்வாங்க," என்று கோபிகிருஷ்ணன் பேனாவை நீட்டினார்.

ஹன்னா பேனாவை வாங்கவில்லை. "அளந்துட்டு எழுதறேன் சார்."

"திங்கக்கிழமை லிஸ்ட்டு போவுதும்மா. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். அளந்துட்டு எழுதறேன்."

டேங்கிலிருந்து ஒரு சொட்டு எடுத்தாள். கரைசலின் செறிவைக் காட்டும் சின்னக் கருவியின் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முப்பத்திரண்டரை சதவீதம். புத்தகத்தில் போட்டிருக்கிற அளவு, இம்மி பிசகவில்லை. மோந்து பார்த்தாள். வயல் யூரியாவுக்கு வேப்பெண்ணெய் பூசியிருப்பார்கள். அந்த வாடையும் இல்லை.

"இப்ப நல்லது ஊத்தியிருப்பான். முன்னாடி ஊத்தினது?" என்றார் கோபிகிருஷ்ணன். அவரும் லேசில் விடுகிற ஆள் இல்லை.

கோளாறு படிக்கிற ஸ்கேனரை வண்டியில் செருகினாள். டேங்கில் யூரியா பூஜ்யம் என்றது. ஆனால் அதே சென்சார், டேங்கின் வெப்பத்தை மட்டும் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டிருந்தது. முழுதாகச் செத்த சென்சார் பாதி உண்மை பேசாது. அப்படியென்றால் கோளாறு உள்ளே இல்லை, வெளியே ஒயரில் எங்கேயோ என்று ஹன்னாவுக்குப் பட்டது. ஆனால் அந்த வெள்ளைப் பொடி? அது என்னவென்று தெரியாமல் மேலே போகமுடியாது.

அதற்குள் அப்பாவு நகத்தால் அந்தப் பொடியைச் சுரண்டி எடுத்திருந்தார். விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இது யூரியா இல்ல."

"நீ என்ன லேபரேட்டரியா?" என்றார் கோபிகிருஷ்ணன்.

"நாப்பது வருஷமா யூரியாவக் கையால அள்றவன் நானு. தண்ணி குடு பாப்பா."

ஹன்னா பாட்டிலை நீட்டினாள். அப்பாவு இடது உள்ளங்கையில் பொடியைப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழப்பினார். "யூரியாவக் கரைச்சா தண்ணி சில்லுனு ஆவும். மருந்தடிக்கிற ட்ரம்முல கலக்கினா ட்ரம்முக்கே வேர்க்கும். இது சில்லுனு ஆவல பாரு."

ஹன்னாவுக்கு அது புதிது. டிப்ளமோவில் யாரும் சொல்லித்தரவில்லை. ஆனால் ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு நம்புகிற தப்பை மறுபடி செய்ய அவள் தயாரில்லை. பக்கத்தில் நின்ற வேறொரு லாரியின் நீல மூடியில் காய்ந்து ஒட்டியிருந்த அசல் யூரியாவைச் சுரண்டிக்கொண்டு வந்தாள். "சார், ரெண்டு கையையும் நீட்டுங்க." பட்டறையே பார்த்துக்கொண்டிருந்தது. கோபிகிருஷ்ணனுக்கு நீட்டாமல் இருக்க வழியில்லை. வலது கையில் அசல் யூரியா, இடது கையில் அப்பாவு வண்டிப் பொடி. இரண்டிலும் தண்ணீர் விட்டாள்.

"ரைட்டு சல்லகா இருக்கு," என்றார் அவர், கொஞ்ச நேரம் கழித்து. சில்லென்று இருக்கிறதாம். சில்லென்று ஆகாத இடது கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்.

ஹன்னா மீதிப் பொடியில் துளி எடுத்து நாக்கு நுனியில் வைத்தாள். வாய் சுருக்கென்று இழுத்துப் பிடித்தது. சித்தூரில் குழாய்த் தண்ணீர் கலங்கி வரும்போதெல்லாம் அம்மா குடத்தில் கலக்கிவிடுகிற அதே சங்கதி.

"படிகாரம்!"

டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தாள். கனெக்டருக்கு நேர் மேலே, ஒயர்க் கட்டோடு சேர்த்து ஒரு கறுப்புக் கம்பளிக் கயிறு இறுக்கிக் கட்டியிருந்தது. அதில் ஒரு கறுப்புத் துணி மூட்டை. பிரித்தால் உள்ளே நகமளவுக்குக் கரைந்துபோன படிகாரக் கல். மழையிலும் வாட்டர் சர்வீஸிலும் கரைந்து, ஒயர் வழியாக இறங்கி, கனெக்டர் மேலேயே வடிந்து காய்ந்திருக்கிறது. கயிறு இழுத்த இழுப்பில் கனெக்டரின் ரப்பர் ஒரு பக்கம் வாய் பிளந்திருந்தது. கழற்றினாள். உள்ளே நாலு பின்னில் ஒன்று பச்சையாகப் பூத்து அரித்துப் போயிருந்தது. அளவு சொல்லும் பின் அது. அதை மாற்றி, மற்றதைச் சுத்தம் செய்து, புது ரப்பர் போட்டுச் செருகினாள். ஸ்கேனரில் பூஜ்யம் தொண்ணூற்றிரண்டு சதவீதம் ஆனது.

வெளியே வந்து கயிற்றைக் காட்டினாள். "அண்ணா, திருஷ்டிக் கயித்த ஒயர்ல யார் கட்டினது?"

அப்பாவு கோபிகிருஷ்ணனைப் பார்த்தார். "இவருதாம்மா. வண்டி குடுத்த அன்னிக்கு. ராசியான கைன்னு சொன்னாங்க." போனை எடுத்து, அவர் மகள் காவ்யா எடுத்த வீடியோவைப் போட்டார். பூசணிக்காய் உடைகிறது, எலுமிச்சம்பழம் நசுங்குகிறது, கோபிகிருஷ்ணன் பயபக்தியோடு குனிந்து வண்டிக்கு அடியில் கயிறு கட்டுகிறார்.

விஷயம் இவ்வளவுதான். வண்டி முன்னால் கயிறு, எலுமிச்சை தொங்கினால் போட்டோ நன்றாக இல்லை என்று ஹெட் ஆபீஸ் கண்டித்திருந்தது. கயிறு இல்லாமல் வண்டியை எடுக்க எங்கள் பக்கத்தில் ஒருவனும் சம்மதிக்கமாட்டான். கோபிகிருஷ்ணன் இரண்டு பேரையும் திருப்திப்படுத்த, கண்ணில் படாத இடமாகப் பார்த்துக் கட்டிவந்தார். எத்தனை வண்டிக்கு என்று அவருக்கே கணக்கு கிடையாது.

அவர் ஹன்னாவை ஸ்டோர் ரூம் பக்கம் தனியாக அழைத்தார். கயிறு அவர் கையில் இருந்தது. குரல் இறங்கியிருந்தது.

"மழைத்தண்ணி போயிடுச்சுன்னு எழுதிடும்மா. அவருக்கு வாரண்ட்டியிலயே முடிச்சிடறேன். அவருக்கும் சந்தோஷம், உனக்கும் லிஸ்ட்டு, எனக்கும் தலைவலி இல்ல."

ஒரு நிமிஷம் ஹன்னாவுக்கு அது நியாயமாகவே பட்டது. அம்மாவின் முகம் வந்தது. அப்புறம் டீ கிளாஸ்களுக்கு நடுவில் நின்ற ஜமீலாவின் பார்வை வந்தது.

"ஜெகநாதன் வண்டியும் ஜமீலா வண்டியும் நீங்க டெலிவரி குடுத்ததுதானே சார்? அவங்க வண்டியில மழைத்தண்ணி போச்சுன்னு எழுதலியே நம்ம. வயல் யூரியான்னுதானே எழுதினோம்? அந்தக் கயித்தக் குடுங்க."

"ஹன்னா, இத எழுதினா லிஸ்ட்டுல உன் பேரு இருக்காது."

"அதையும் ஒரு பேப்பர்ல எழுதிக் கீழ கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார். நான் எழுதறதுக்கெல்லாம் நான் போடறேன் இல்ல?"

கோபிகிருஷ்ணன் கெட்டவர் இல்லை, பயந்தவர். பேனாவைப் பாக்கெட்டில் செருகிக்கொண்டு கயிற்றைக் கொடுத்துவிட்டார். ஹன்னா ஜாப் கார்டை மேஜையில் வைத்து, நின்றபடியே எழுதினாள்: டெலிவரி அன்று ஷோரூமில் கட்டிய கயிற்றின் படிகாரம் கரைந்து கனெக்டர் பின் அரித்துவிட்டது, சென்சார் நல்ல நிலையில் இருக்கிறது, யூரியா சரியான அளவில் இருக்கிறது. கயிற்றை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு அதோடு பின் அடித்தாள். கீழே கையெழுத்தும் போட்டாள்.

பிறகு பட்டறை நடுவில் வந்து நின்று போனை எடுத்தாள், முதலில் ஜமீலாவுக்கு, அடுத்தது ஜெகநாதனுக்கு என்று. டீ நேரம், டிரைவர்கள் கூடியிருந்தார்கள்.

"ஜமீலாக்கா, சித்தூர் ஹன்னா பேசறேன், ஷோரூம்லேர்ந்து. உங்க வண்டி எப்படி இருக்கு?"

"எப்படி இருக்கும்? கடன் வாங்கி சென்சார் மாத்தினேன். ரெண்டு வாரத்துல மறுபடி லைட்டு எரியுது. இப்ப எதுக்குப் போன் பண்ணே, மறுபடி திருடின்னு சொல்லவா?"

"அக்கா, புதுசு போட்டும் எரியுதுன்னா கோளாறு சென்சார்ல இல்ல, டெலிவரி அன்னிக்கு நாங்க ஒயர்ல கட்டின கயித்துல. தப்பு எங்களது. கார்டுல இருக்கற கையெழுத்து என்னோடது. வண்டிய எடுத்துக்கினு வாங்க, நான் சரி பண்றேன். மாத்தின சென்சார் பணத்தத் திருப்பிக் கேட்டு நானே எழுதிக் குடுக்கறேன்."



"அன்னிக்கு அத்தன பேர் எதிர்ல என்னைக் கேவலமாச் சொன்னீங்க," என்றாள் ஜமீலா. "இத என் காதுல மட்டும் சொல்றியே பாப்பா."

ஹன்னா போனை ஸ்பீக்கரில் போட்டு, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். ஸ்டோர் ரூம் வாசலில் கோபிகிருஷ்ணன் நின்றிருந்தார். அப்பாவு டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"எல்லாரும் கேளுங்க," என்றாள் ஹன்னா, பட்டறை எதிரொலிக்க. "பலமனேர் ஜமீலா வயல் யூரியா ஊத்தல. ஊத்தினதா எழுதினது நான். அளக்காம எழுதினேன்."

யாரும் சிரிக்கவில்லை. போனுக்குள்ளிருந்து வண்டி ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது.

"இருபதுலதான் வரும்," என்றாள் ஜமீலா. "சாயங்காலம் ஆவும். நீ இருப்பியா?"

"இருப்பேன்," என்றாள் ஹன்னா.