தலைப்போடு நின்றுவிட்டவர்

என் வீட்டுக்காரர் வாஷிங் மெஷின் மெக்கானிக். இருபது வருட வேலை. எந்த மெஷினின் கோளாறையும் காதை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். என்ன, நான் சொல்வதுதான் அந்தக் காதில் ஏறாது.

மெக்கானிக்குகள் சந்தேகம் கேட்கும் இணையக் குழு ஒன்றில் அவரும் ஒரு நிர்வாகி. இவர் கேள்வி போட்டால், 'தண்ணீர் வடியவில்லை. மோட்டார் ஓடுகிறது. காரணம்?' என்று தந்தி அடித்த மாதிரி இருக்கும். ஈ காக்கை எட்டிப் பார்க்காது. உதிரிபாகக் கடை வைத்திருக்கும் என் தம்பியும் அதே குழுவில் கேட்பான். 'பத்தில் ஒன்பது மெக்கானிக்குக்குத் தெரியாத ரகசியம்! உங்களுக்குத் தெரியுமா?' என்பான். கடைசி வரியில் கடையின் போன் நம்பர். கூட்டம் அலைமோதும்.

இவருக்கு வயிறு எரியும். அது கேள்வியா, நோட்டீஸா என்று சாப்பிடும்போதெல்லாம் என்னிடம் கேட்பார், ஏதோ நான் எழுதிக் கொடுத்தது போல. போன மாதம் மற்ற நிர்வாகிகளிடம் மல்லுக்கட்டி, விளம்பரத் தலைப்பு போட்டால் கேள்வி நீக்கப்படும் என்று விதியே கொண்டுவந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து லேடீஸ் ஹாஸ்டலின் பெரிய மெஷின் இவர் உயிரை எடுத்தது. சூடானால் நிற்கும், ஆறினால் ஓடும். இரண்டு பாகம் மாற்றியும் பலனில்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் ஓடாவிட்டால் வேறு ஆளை வைத்துக்கொள்வதாக வார்டன் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதே பாதி அந்த ஹாஸ்டலால்தான். குழுவில் கேட்டார். நான்கு முறை பார்த்ததாகக் காட்டியது. அதில் இரண்டு முறை இவரே. தம்பியிடம் கேளுங்கள் என்றதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை அவருக்குத் தெரியாமல் தம்பிக்கு போன் செய்து விவரம் சொன்னேன்.

சனிக்கிழமை காலை எட்டரைக்குக் காபி குடித்துக்கொண்டே போனைத் தடவினார். முகம் சிவந்தது. ஒரே தட்டு. "உன் தம்பி கேள்வியைத் தூக்கிட்டேன். தலைப்பே போதும், உள்ள வேற படிக்கணுமா?" என்றார். அன்று அவர் முகத்தில் இருந்த திருப்தியை எங்கள் கல்யாணத்தன்று கூட நான் பார்த்ததில்லை.

ஐந்து நிமிடத்தில் தம்பி என்னைக் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, மாமாவோட ஹாஸ்டல் மெஷினைப் பத்திதான் கேட்டிருந்தேன். இதே கோளாறைச் சரி பண்ணேன்னு ஒருத்தர் நீளமா பதில் எழுதியிருந்தார். பாதிதான் படிச்சேன், அதுக்குள்ள யாரோ அழிச்சிட்டாங்க. அவர் யாருன்னு கூடப் பார்த்து வைக்கலை."

அந்தக் குழுவில் கேள்வியை அழித்தால் பதில்களும் சேர்ந்தே போய்விடும். அதுவும் இவர் கேட்டு வைத்த ஏற்பாடுதான். இவர் டம்ளரைக் கீழே வைத்தார். தலைப்பு என்ன என்று நான்தான் கேட்டேன்.

"இருபது வருட அனுபவசாலியையே திணறடித்த மெஷின், முடிந்தால் கண்டுபிடியுங்கள்னு போட்டேன்கா. அப்படிப் போட்டாத்தானே பார்ப்பாங்க."

மணி ஒன்பதாகப் போகிறது. வார்டனுக்கு என்ன சொல்வது என்றுதான் அவர் கேட்பார் என்று நினைத்தேன்.

"எத்தனை பேர் பார்த்தாங்களாம்?" என்றார்.

மூவாயிரத்துக்கு மேல் என்றான் தம்பி.

"என் கேள்வியையா?" என்று கேட்டுவிட்டு, ஹாஸ்டலுக்குக் கிளம்ப டூல்ஸ் பையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.